பல்லக்கில் வந்த இசை நாடகம்



பெங்களூரில், அதிலும் மல்லேசுவரத்தில், குடியிருக்கும் தமிழ் மக்கள் காடு மல்லேசுவரர் ஆலயத்தை அறியாதவர் அல்லர். ஆனால் அவ்வாலயத்துக் கல்வெட்டொன்று தஞ்சாவூரின் வரலாற்றோடு தொடர்புடையது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். 1669ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊர் இறைவனுக்கு அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. அளித்தவர் ஏகோஜி. இவர் சத்திரபதி சிவாஜியின் தம்பி. வேறு தாய் வயிற்றுப் பிள்ளை. 1638இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைப்பற்றியபின், இந்நகரம் அவர்களுடைய தந்தையாகிய ஷாஹாஜி போன்ஸ்லேயிடம் ஜாகீராக வந்தது. தந்தைக்குப்பின் ஏகோஜி இதனை ஆண்டார். 1676இல் அவர் தஞ்சாவூரைத் தம் வசமாக்கி அங்கேயே தங்கிவிட்டார். தொலைவிலிருந்து காப்பது அரிதாகிவிட்ட பெங்களூரோ, 1687இல் மூன்று இலட்சம் ரூபாய்க்கு மைசூர் அரசர் சிக்கதேவராயரிடம் கைமாறிற்று. இன்று இந்நகரில் ஒரு சிறு வீட்டுமனை வாங்க முயல்வோர் அத்தொகையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது இயல்பே.

ஏகோஜிக்குப்பின் 1684இல் தஞ்சை அரியணை ஏறிய அவருடைய மகனுக்குப் பாட்டனாரின் பெயரே இடப்பட்டிருந்தது. இந்த ஷாஹாஜி மன்னர் இயற்றிய இசை நாடகம் ஒன்றைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம். அதன் பெயர் பல்லகீ சேவாப் பிரபந்தம். தியாகராஜ சுவாமிகளின் நௌகா சரித்திரத்தை அறிந்தவர்களும், அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தைப் பாடக் கேட்டவர்களும் இதன் பெயரைக்கூடக் கேட்டிராதிருக்கலாம். ஆயினும் அவ்விரண்டுக்கும் இது மூத்தது.

இசை நாடகம் என்று நாம் கூறுவதை மேனாட்டார் ஆபரா என்பர். பாத்திரங்கள் பேசாமல் பாடியே கதையை நடத்துவது அது. இத்தாலி நாட்டில் 1600ஆம் ஆண்டையொட்டித் தோன்றியது. 1607இல் மான்டுவா நகர அரண்மனையில் மான்டெவெர்டி என்பவர் ஆர்ஃபியோ என்னும் ஆபராவை அரங்கேற்றினார். 1637இல் வெனிஸ் நகரில் காசு கொடுத்தோர் எல்லோரும் சென்று பார்க்கத்தக்க முதல் ஆபரா அரங்கம் திறக்கப்பட்டது. 1600ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி ஏறத்தாழ 1750 வரை அங்கே வழங்கிய இசைப்பாணியைப் பரோக் என்கின்றனர். உருண்டையாகத் திரளாத கோணல் முத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். நம் தூத்துக்குடிக் கடலில் முத்தெடுத்த காலத்தில் போர்ச்சுகீசியர் அச்சொல்லை எத்தனை முறை பழித்துக் கூறியிருப்பார்களோ, அறியோம்! நேர்த்தியைவிட அணியும் அலங்காரமும் மிகுந்தது என்று பின்வந்தோர் இகழ்ந்து இட்ட பெயர், நாளடைவில் பெருமைக்குரியதாகிவிட்டது.

ஷாஹாஜி தஞ்சையில் முடிசூடிய மறு ஆண்டு, 1685இல், ஜெர்மனியின் ஹாலே என்னும் ஊரில் ஹாண்டெல் பிறந்தார். பரோக் ஆபராவின் முதன்மையான ஆசிரியர்களுள் அவர் ஒருவர். அதே ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சீகன்பால்கு என்னும் பாதிரியார் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, அவ்வூரைச் சூழ்ந்த தஞ்சை நாட்டை ஆண்டு கொண்டிருந்தவர் ஷாஹாஜியே. ஒரே ஊரின் தெருக்களில் நடந்தவருள் ஒருவர் இலண்டனுக்கு ஆபரா இயற்றச் சென்றார். மற்றவர் தமிழ் கற்கத் தஞ்சை நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். திருவாரூரிலும் இலண்டனிலும் ஒரே தலைமுறையில் பாடப்பட்ட இசை நாடகங்கள் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன.

இந்தியாவைப் பற்றி ஆபரா எழுதும் ஆவல் மட்டும் அங்கே நிரம்ப இருந்தது. 1731இல் ஹாண்டெல் இலண்டனில் போரோ என்னும் ஆபராவை மேடையேற்றினார். பஞ்சாப் மன்னர் புருஷோத்தமர் அலெக்சாந்தரை எதிர்த்து நின்ற வரலாறே அதன் அடிப்படை. மெத்தஸ்தாசியோ என்னும் இத்தாலியப் புலவரின் நாடகத்தைத் தழுவியது; ஐரோப்பாவின் இசையாசிரியர் பலர் அதே நாடகத்திற்கு மீண்டும் மீண்டும் இசையமைத்திருக்கின்றனர். ஆனால் அதில் இந்தியா பெயரளவில்தான் உண்டு. புருஷோத்தமர் இத்தாலிய மொழியில் ஐயுறுகிறார், பொறாமைப்படுகிறார், மன்னிக்கப்படுகிறார். இசையில் இந்நாட்டின் சாயல் அணுவளவும் இல்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டிராததை எங்ஙனம் பாட இயலும்?

இனி நம் நாடகத்திற்கு வருவோம். பல்லகீ சேவாப் பிரபந்தம் என்ற பெயரில் ஷாஹாஜி இயற்றியவை இரண்டு. ஒன்று சிவபெருமானைப் பற்றியது. மற்றது திருமாலைப் பற்றியது. முன்னதையே எடுத்துக் கொள்கிறோம். கதை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கௌரி தன் நாயகனாகிய தியாகேசரின் வரவை நாடுகிறாள். தோழியரை அழைத்துப் பல்லக்கை அனுப்புகிறாள். அவர்கள் சென்று ஈசனை எழுந்தருள வேண்டுகிறார்கள். ஏற்றிக் கொண்டு பாடியவாறு வருகிறார்கள். தேவி எதிர்கொண்டு உபசரிக்கிறாள். மங்கலம் பாடி முடிகிறது.

இவ்வளவுதானா என்று நேயர்கள் கேட்கலாம். ஆம், இவ்வளவுதான். இதில் பகைவன் இல்லை, சூழ்ச்சி இல்லை, சாவும் இல்லை. இதே காலத்தில், 1689இல், இலண்டனையடுத்த செல்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆடப்பட்ட பர்சல் என்பவரின் டைடோவும் ஈனியாசும் என்ற ஆபராவில், காதலன் கைவிட்டுச் செல்ல அரசி உயிர் துறக்கிறாள். அவள் இறுதியாகப் பாடும் புலம்பல் மேனாட்டு இசையில் அழியாப் புகழ் பெற்றது. நம் நாடகத்திலோ பல்லக்கு புறப்படுகிறது, வந்து சேர்கிறது. ஆனால் இந்தச் சிறு கதையைத் தமிழர் எவரும் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. மதுரையிலும் தில்லையிலும் இரவுதோறும் இறைவனின் திருவடிகள் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளுகின்றன. அந்தச் சில நிமிட ஊர்வலத்தைத் தூணருகில் நின்று காத்திருந்து கண்டவர்களுக்குத் தெரியும், காத்திருத்தலே ஒரு நாடகம் என்று. ஷாஹாஜி கோயில் வழிபாட்டில் நிகழும் அக்கணத்தை எடுத்து விரித்திருக்கிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்நாடகம் அமைந்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இதன் உயிர் தரு எனப்படும் பாடல் வகை. தருவில் பல்லவி உண்டு, சரணங்கள் பல, சரணங்கள் யாவும் பெரும்பாலும் ஒரே வர்ணமெட்டில் அமையும். பாத்திரம் அரங்கில் நுழைவதற்கு ஒரு தரு, உரையாடலுக்கு ஒரு தரு, வருணனைக்கு ஒரு தரு என்று பயனுக்கேற்ப வேறுபடும். தருக்களுக்கிடையே கதையை நகர்த்துவதற்குத் துவிபதை என்னும் ஈரடிச் செய்யுளும் பிற விருத்தங்களும் வருகின்றன. பரோக் ஆபராவிலும் இத்தகைய பிரிவினையே காண்கிறோம். அங்கே கதை நகர்வது ரெசிடேடிவ் என்னும் பகுதியில். அது பேச்சுமன்று, முழுப் பாட்டுமன்று, பேச்சின் நடையில் இசையைத் தொட்டுச் செல்வது. உணர்ச்சி தேங்கி நிற்கும் இடத்தில் வருவது ஆரியா என்னும் பாட்டு. அங்கே கதை நின்றுவிடும். மனம் மட்டும் பேசும். ஹரிகதை கேட்டுப் பழகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஹாண்டெல் காலத்து ஆரியா பெரும்பாலும் மூன்று பகுதிகளாலானது. முதற் பகுதி பாடப்படும். மாறுபட்ட உணர்வுடைய இரண்டாம் பகுதி பாடப்படும். பின்னர் முதற் பகுதிக்கே திரும்ப வேண்டும். அங்ஙனம் திரும்பும்போது எழுதியபடியே பாடுவது பாடகருக்கு இழுக்கு. அணிகளும் அசைவுகளும் பிர்க்காக்களும் தம் கற்பனையால் சேர்த்துப் பாட வேண்டும் என்பது அக்கால மரபு. சரணத்தினின்று பல்லவிக்குத் திரும்பும் நம் வித்துவான் ஒவ்வொரு முறையும் புதியதொரு சங்கதியோடு வந்து நிற்பதை இங்கே நினைவுகூரலாம். ஆனால் ஷாஹாஜியின் தருக்களில் இத்தகைய சங்கதிப் பெருக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது. அது தியாகராஜ சுவாமிகளின் காலத்தில் தழைத்தது. தரு எளியது, சொல் தெளிவாகச் செவியில் விழ வேண்டும், ஆடுவோரின் கையும் கண்ணும் அச்சொல்லைத் தொடர வேண்டும்.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. பரோக் இசையில் ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் முன்னிருக்கும் ஏட்டில் கீழ்ச்சுரங்களின் வரிசை மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அதன்மேல் சில எண்கள் இடப்பட்டிருக்கும். அந்த எண்களைக் கொண்டு மற்றச் சுரங்களை அவரே அந்நேரத்தில் நிரப்பிக் கொள்வார். அஃதாவது ஏடு எலும்பு. தசையும் தோலும் வாசிப்பவர் கையில். நம் ஓலைச் சுவடிகளும் அவ்வாறே. பாடலின்மேல் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் எழுதியிருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு ஆசானின் தொண்டையிலிருந்து மாணாக்கரின் தொண்டைக்குச் செல்ல வேண்டியது. எண்களைப் படிக்கும் முறையை நூல்களில் விளக்கி வைத்த காரணத்தால் ஐரோப்பியரின் எலும்புக்கு மீண்டும் தசை பூட்ட முடிந்தது. நம் பக்கத்தில் தொண்டை ஓய்ந்தால் மெட்டும் ஓய்ந்தது. இரண்டுக்குமுள்ள வேற்றுமையில் பெரியது ஹார்மனியன்று, இதுவே என்பது நம் கருத்து.

இசை மறைந்துபோகும் என்னும் அச்சம் ஷாஹாஜிக்கும் இருந்திருக்க வேண்டும். ஏனெனில் அவர் பாடல் இயற்றியதோடு நிற்கவில்லை. தம் காலத்தில் வழங்கிய இராகங்களின் இலக்கணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவித்தார். ஓர் இராகத்திற்கு இன்ன சுரங்கள் என்று கூறுவதோடு அமையாமல், அது எவ்வாறு நடைபோடும் என்பதைச் சுரக் கோவைகளால் எடுத்துக்காட்டும் அந்நூல் தஞ்சை சரசுவதி மகாலில் உள்ளது. அவருடைய தம்பி துளஜா மன்னர் பின்னர் இயற்றிய சங்கீத சாராம்ருதம் என்னும் நூலுக்கு இது பெரிதும் உதவியது. 1693இல் திருவிசநல்லூரை நாற்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்களுக்குக் குடியிருப்பாக அளித்தவரும் இவரே. அவ்வூர் ஷாஹாஜிராஜபுரம் எனப் பெயர் பெற்றது.

இப்போது நம் நேயர்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி. பல்லகீ சேவாப் பிரபந்தத்தின் மொழி தெலுங்கு. இயற்றியவர் மராட்டியர். பாடப்பெற்ற தெய்வம் திருவாரூர்த் தியாகேசர். ஷாஹாஜி தம் பதங்களிலும் தியாகேசர் பெயரையே முத்திரையாக வைத்திருக்கிறார். அக்கோயிலில் இதனைப் பாடி ஆடியோர் காவிரிக்கரைத் தமிழ்ப் பெண்கள். எனின், இது யாருடைய நாடகம்?

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. சொந்த ஊரை விட்டு இங்கு வந்து வாழும் நாம், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் கன்னடமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் இந்தியுமாகக் காலம் கழிக்கிறோம். நம் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது எம்மொழியில் சண்டையிடுகிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிவர். தெலுங்குக் கீர்த்தனையைக் கேட்டால் நம்முடையதன்று என்று எழுந்து போவோரும் உண்டு. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கி வைப்போரும் உண்டு. இரு சாராரிடமும் நமக்கு உடன்பாடில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில், ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழியில் சரியாகப் பொருந்தாமல் நிற்கும் வேதனையை நாள்தோறும் அனுபவிக்கிறோம். அத்தகைய நமக்கு ஷாஹாஜியின் மற்றொரு நாடகம் மிகுந்த வியப்பைத் தருவது. பஞ்சபாஷா விலாசம் என்பது அதன் பெயர். நான்கு நாட்டு இளவரசியர் கண்ணனை விழைந்து வருகிறார்கள். தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி என்று அவரவர் தத்தம் மொழியிலேயே பேசுகிறார்கள். வடமொழியும் சேர்ந்து ஐந்தாகிறது. அம்மேடையில் மொழிபெயர்ப்பாளர் என்று ஒருவர் இல்லை. அந்த அவையில் நமக்கு உத்தியோகம் கிடைத்திராது!

அரசவையிலும் கோயிலிலும் அமர்ந்திருந்தோர் ஒரு மொழி புரியாத இடத்தில் இராகத்தையும் அபிநயத்தையும் பற்றிக்கொண்டு சென்றிருக்க வேண்டும். தஞ்சை நாட்டார் அந்தப் பழக்கத்தை நாயக்கர் காலம் தொட்டே பெற்றிருந்தனர். மெலட்டூரில் இன்றும் நரசிம்ம ஜயந்தியையொட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. வேங்கடராம சாஸ்திரியார் இயற்றிய பிரகலாத சரித்திரம் தெலுங்கில் பாடப்படுகிறது. கூடியிருப்போர் தமிழ் மக்கள். அங்கே லீலாவதி முதலான பெண் வேடங்களையும் ஆடவரே புனைவர். 1731இல் போரோவாகப் பாடிய செனெசினோ சிறுவயதிலேயே குரல் உடையாதிருக்க உடலூனம் செய்யப்பட்ட காஸ்திராட்டோ பாடகர்களுள் ஒருவர்; அந்தக் கொடுமையைக் கலையின் பெயரால் ஐரோப்பா நெடுங்காலம் பொறுத்துக் கொண்டது. ஒவ்வொரு நாட்டு இசை நாடகத்திற்கும் பின்னால், அதன் இனிமைக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

திருவாரூர்ப் பெண்களும் அத்தகையோரே. தேவரடியார் என வழங்கப்பட்ட அம்மகளிருக்குக் கோயிலில் மதிப்பும் மானியமும் இருந்தன. பிற்காலத்தில் அந்நிலை சீர்கெட்டு, அவர்களுள் பலர் பிறர் தயவுக்கும் இழிவுக்கும் ஆளாயினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலியோரின் நெடிய முயற்சிக்குப்பின், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அச்சட்டம் வந்தது நன்றே. ஒரு பாடலுக்காக ஒரு பெண்ணின் வாழ்வைக் கட்டிவைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்தப் பாடல்களுக்கு வேறு வீடு தேடித் தருவதைப் பற்றிச் சட்டமும் எண்ணவில்லை. அப்பெண்களின் பாட்டை நூற்றாண்டுகளாகக் கேட்டு மகிழ்ந்த சமூகமும் எண்ணவில்லை. பெண்களை இகழ்ந்த வாயே அவர்களுடைய பாட்டையும் இகழ்ந்தது. பல மெட்டுகள் அங்ஙனம் போயின.

பல்லகீ சேவாப் பிரபந்தம் முற்றிலும் போகாமல் நின்றதற்கு நாம் நன்றி கூற வேண்டியவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையை வளர்த்த அவ்வறிஞர், ஜெர்மனி சென்று மேனாட்டு இசையையும் முறையாகப் பயின்றவர். ஆதலின் இதனைப் பார்த்தவுடன் ஆபரா என்று அடையாளம் காண அவரால் முடிந்தது. இந்நாடகத்தை 1955இல் அவர் அச்சேற்றி வெளியிட்டார். தருக்கள் பெரும்பாலும் சிறியவை. மக்கள் செவிக்குப் பழகிய ரக்தி இராகங்களில் நடப்பவை. பல ஆண்டுப் பயிற்சி பெற்றவர்தாம் தொட வேண்டும் என்பதில்லை. வீணையோ வாய்ப்பாட்டோ சில ஆண்டு கற்ற பெண்கள் நால்வர் சேர்ந்தால், நவராத்திரியில் ஒரு மாலைப் பொழுதில் இதன் ஒரு பகுதியைப் பாடிவிடலாம். பல்லக்குக்கு மேடை வேண்டா; கொலுவின் முன்னுள்ள கூடம் போதும்.

இந்நாடகம் தன் ஊரிலேயே ஒரு வழித்தோன்றலைப் பெற்றது என்று கருத இடமுண்டு. ஷாஹாஜி மறைந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 1767இல், அதே திருவாரூரில் தியாகராஜ சுவாமிகள் பிறந்தார். அவருக்கு இடப்பட்டதும் அவ்வூர் இறைவனின் பெயரே. நௌகா சரித்திரத்தில் அவர் கோபியரைக் கண்ணனோடு யமுனையில் ஓடமேற்றினார். கண்ணனையே வசப்படுத்திவிட்டோம் என்று அவர்கள் செருக்குற, புயல் எழுகிறது. ஓடத்தில் துளை விழுகிறது. கட்டிய ஆடையால் அதை அடைக்கச் சொல்கிறான் கண்ணன். ஷாஹாஜியின் தோழியருக்கு இத்தகைய சோதனை எதுவும் வரவில்லை. தலைவனைப் பெண்கள் சூழ்ந்து பாடிச் செல்லும் அந்தப் பயணம் மட்டும் அப்படியே இருக்கிறது. பல்லக்கு இருந்த இடத்தில் ஓடம் வந்திருக்கிறது.